வயலில் பாம்பைத் தேடிப் பழகுவோம்

நெற்பயிரில் குருத்துப் பூச்சி இருக்கிறதா, தூரின் அடியில் புகையான் இருக்கிறதா என்று வாரம் ஒரு முறையாவது வயலில் இறங்கித் தேடிப் பார்க்கிறோம். தேடிப் பார்ப்பதால்தான் சேதம் வருமுன் அறிந்து தடுக்க முடிகிறது. ஆனால் அதே வரப்பில் நம்மோடு வாழ்கின்ற பாம்பை மட்டும் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. எதிரில் வந்தால் அடிக்கிறோம், அல்லது ஓடுகிறோம். அது கண்ணில் படாத நாட்களில் வயலில் பாம்பே இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம்.

வயலில் கடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் கடிக்கும் வரை அந்தப் பாம்பைக் கண்டிருப்பதில்லை. கண்டிருந்தால் காலை வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு பருவம் முழுவதும் நம் நிலத்தில் பாம்பு எங்கே தங்குகிறது, எப்போது வெளியே வருகிறது என்று முறையாகத் தேடி அறிந்துகொள்வது ஒவ்வொரு உழவரும் செய்ய வேண்டிய வேலையாகும். பிடிப்பதற்கோ கொல்வதற்கோ அல்ல. கடிபடாமல் இருப்பதற்கும், எலி பிடிக்கும் பாம்பை இழக்காமல் இருப்பதற்குமே இந்தத் தேடல்.

ஏன் தேட வேண்டும்?

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக் கடியால் சுமார் 12 இலட்சம் பேர் இறந்திருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர். பாதிப்பேர் 30 முதல் 69 வயதுக்கு உட்பட்டவர்கள். குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதினர். மழைக்கால மாதங்களிலேயே இறப்பு மிகுதியாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்ப மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் இந்த இறப்புகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற செயல் திட்டத்தை இந்திய அரசு 2024-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு நவம்பரில் பாம்புக் கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. மருந்தும் மருத்துவமனையும் அரசு தரலாம். ஆனால் வரப்பில் காலை எங்கே வைப்பது என்பதை நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.

இருளரிடம் கற்க வேண்டியது

தேடுவதில் நமக்கு ஆசிரியர்களாக இருக்கத் தக்கவர்கள் இருளர் மக்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களின் உழவர்கள் இவர்களை நன்கு அறிவர். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வணிகமே இவர்களில் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தினர் அரசின் அனுமதியோடு பாம்பு பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும் பகுதி இங்கிருந்தே சென்றிருக்கிறது.

இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளை அந்நாட்டு வேட்டைக்காரர்களால் எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்விருவரும் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைக் கண்டெடுத்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. புதிய நாட்டிலும் அவர்களுக்குக் கைகொடுத்தது தடயம் பார்க்கும் பழக்கமே.

சென்ற சம்பாப் பருவத்தில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், இருளர் முதியவர் ஒருவரோடு வாரம் ஒரு நாள் வயல்களைச் சுற்றி வந்தேன். முதல் நாள் வாய்க்கால் கரையில் நடந்தபோது அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். நான் அடுத்த அடி வைக்க இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, காய்ந்த பனை ஓலைக்கு அருகில் கண்ணாடி விரியன் ஒன்று சுருண்டு கிடந்தது. அவர் சுட்டிக் காட்டிய பிறகும் அதைக் கண்டுகொள்ள எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. "பாம்பைத் தேடினா தெரியாது சார். அது படுக்கிற இடத்தைப் பாருங்க" என்றார். இப்பாடத்தில் உள்ள பெரும்பாலான குறிப்புகள் அந்த ஒரு சொல்லின் விளக்கமே ஆகும்.

தேடப் போகுமுன்

1. தனியாகச் செல்லக் கூடாது. இருவராகச் செல்ல வேண்டும்.

2. முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ் அணிவது நல்லது. சேற்று நடவில் பூட்ஸ் பயன்படாது என்பது உண்மையே. ஆனால் வரப்பு, வாய்க்கால் கரை, களம் ஆகிய இடங்களில் அதை அணிந்து நடப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

3. ஐந்தடி நீளமுள்ள கம்பு ஒன்று வேண்டும். புல்லை விலக்கிப் பார்ப்பதற்கே கம்பு, அடிப்பதற்கு அல்ல.

4. மாலை மங்கினால் டார்ச் விளக்கு கட்டாயம் வேண்டும்.

5. எந்த வளையிலும், கல் இடுக்கிலும், வைக்கோலிலும் கையை விடக் கூடாது.

6. பாம்பைக் கண்டால் ஆறடிக்குக் குறையாத தூரத்தில் நிற்க வேண்டும். பிடிக்க முயலக் கூடாது. பாம்பைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றமாகும்.

7. சிறிய குறிப்பேடு ஒன்றில் நாள், நேரம், இடம், கண்ட தடயம் ஆகியவற்றை எழுதி வர வேண்டும்.

காலடி ஓசையைக் கேட்டுப் பாம்பு விலகிவிடும் என்று முழுமையாக நம்ப வேண்டாம். தரையின் அதிர்வை உணர்ந்து சாரையும் நல்ல பாம்பும் பெரும்பாலும் விலகிச் செல்லும். கண்ணாடி விரியனோ தன் நிறத்தை நம்பி அசையாமல் படுத்திருக்கும். எனவே தரையைத் தட்டினால் மட்டும் போதாது. கம்பால் புல்லை விலக்கிப் பார்த்தே காலை வைக்க வேண்டும்.

தடயங்களை அறியும் முறை

சட்டை: பாம்பு உரித்த சட்டை ஈரமாகவும் துவண்டும் இருந்தால் அது அண்மையில் உரித்தது. காய்ந்து நொறுங்கினால் பழையது. உரிக்கும்போது சட்டை இழுபட்டு நீள்வதால், அதன் நீளம் பாம்பின் நீளத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கும். முதுகின் நடுவில் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக அறுகோண வடிவில் இருந்தால் அது கட்டு விரியன் சட்டை என்று சந்தேகிக்கலாம்.

வளை: வாயில் புது மண் தள்ளியிருந்தால் உள்ளே எலி இருக்கிறது. வாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தால் அண்மையில் எதுவும் அவ்வழியே போகவில்லை. புது மண் இல்லாமல், வாய் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கவனமாக இருக்க வேண்டும். பாம்பு தானாக வளை தோண்டுவதில்லை. எலி தோண்டிய வளையிலும் கரையான் கட்டிய புற்றிலும் குடியேறுகிறது.

தடம்: புழுதியிலும் வண்டலிலும் பாம்பு சென்ற தடம் காலை வேளையில் தெளிவாகத் தெரியும். கால் தடங்களின் நடுவே வால் இழுத்த கோடு இருந்தால் அது உடும்பு.

எச்சம்: பாம்பின் எச்சத்தில் ஒரு பகுதி சுண்ணாம்பு போல் வெண்மையாக இருக்கும். எலி மயிரும் கலந்திருக்கலாம்.

பறவைகள்: தவிட்டுக் குருவிகளோ மைனாக்களோ ஒரே புதரைச் சுற்றி விடாமல் கத்தினால் அங்கே பாம்பு இருக்கக் கூடும். அவ்விடத்தை விட்டு விலகி நின்று பார்க்க வேண்டும்.

கட்டாயம் அறிய வேண்டிய நான்கு பாம்புகள்

நம் நாட்டில் நிகழும் பாம்புக் கடி மரணங்களுக்குப் பெரும்பாலும் நான்கு பாம்புகளே காரணம். நமக்குக் கிடைக்கும் விஷமுறிவு மருந்தும் இந்நான்கின் நஞ்சைக் கொண்டே தயாராகிறது.

நல்ல பாம்பு: படம் எடுத்தால் பின்புறம் மூக்குக் கண்ணாடி போன்ற குறி தெரியும். அமைதியாகச் செல்லும்போது படம் விரிந்திராது. அப்போது பலர் இதனைச் சாரை என்று தவறாக எண்ணுகின்றனர்.

கண்ணாடி விரியன்: பருத்த உடல், முக்கோணத் தலை, குட்டையான வால். முதுகில் சங்கிலி போல் மூன்று வரிசையில் கரு விளிம்புள்ள பழுப்பு வட்டங்கள் காணப்படும். சீண்டினால் குக்கர் ஆவி விடுவது போல் உரக்கச் சீறும்.

கட்டு விரியன்: பளபளக்கும் கருநீல உடலில் மெல்லிய வெண்பட்டைகள் இருக்கும். தலையை அடுத்த பகுதியில் பட்டைகள் மங்கியோ இல்லாமலோ இருக்கலாம். இரவில் மட்டுமே நடமாடும். தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை சரிதல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றும். தரையில் படுத்தவருக்கு இக்குறிகள் வந்தால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சுருட்டை விரியன்: சிறிய பாம்பு. பெரும்பாலும் ஒன்றரை அடிக்கு மேற்படாது. வறண்ட, மணற்பாங்கான, கல் நிறைந்த நிலங்களில் இருக்கும். உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி, இரம்பம் அறுப்பது போன்ற ஓசை எழுப்பும். சிறியது என்று அலட்சியம் செய்யக் கூடாது.

இந்நான்கையும் போலவே தோன்றி, நஞ்சில்லாத காரணத்தால் வீணாக அடிபடுபவை பல. மண்ணுளிப் பாம்பு வகை ஒன்று கண்ணாடி விரியன் போலவே இருக்கும். ஓநாய்ப் பாம்பு கட்டு விரியன் போலத் தோன்றும். ஐயம் இருந்தால் நச்சுப் பாம்பு என்றே கருதி விலகி நிற்க வேண்டும்.

பருவம் முழுவதும் தேடல்

ஆடி, ஆவணி: கோடை மழைக்குப் பின் புல் தழைத்து வளரும் காலம். கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. கோடை முடிவிலிருந்து பிறந்த குட்டிகள் இம்மாதங்களில் வரப்பு ஓரங்களில் சிதறியிருக்கும். பிறந்த குட்டிக்கும் நஞ்சு உண்டு. நாற்றங்காலுக்கு நிலம் திருத்துமுன் மூலை வரப்புகள், பனை மட்டைக் குவியல், வேலி ஓரம் ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலியில் வெட்டிய முள்ளைக் கையால் அள்ளாமல் கவைக் கம்பால் தள்ள வேண்டும்.

புரட்டாசி, ஐப்பசி: நடவும், மானாவாரி நிலக்கடலை அறுவடையும் நடைபெறும் மாதங்கள். பிடுங்கிக் குவித்த கடலைச் செடிக் குவியலின் அடியில் இரவில் பாம்பு தங்கும். மறுநாள் காய் ஆயும் பெண்கள் குவியலில் கை வைக்குமுன், கம்பால் புரட்டிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வளைகளில் நீர் புகுகிறது. எலியும் பாம்பும் மேடான வரப்புகளுக்கும், மோட்டார் கொட்டகைக்கும், வீட்டுக்கும் வருகின்றன. கட்டு விரியன் மிகுதியாக நடமாடும் காலமும் இதுவே. கட்டிலில் படுத்து, கொசு வலையை நான்கு புறமும் பாயின் அடியில் செருகிக்கொள்வது நல்ல பாதுகாப்பு.

இரவில் மும்முனை மின்சாரம் வரும் ஊர்களில் தண்ணீர் கட்டுவதற்கு இருட்டில் செல்ல நேரிடுகிறது. வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகை வரை உள்ள பாதையைப் பகலில் ஒரு முறை நடந்து, இரு பக்கமும் இரண்டடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கிவிட வேண்டும். கொட்டகையினுள் கையை நீட்டி ஸ்விட்சைத் தேடாமல், முதலில் விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும்.

கார்த்திகை, மார்கழி: பனிக் காலத்தில் பாம்புகள் காலை வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொள்ளக் கிழக்குப் பார்த்த வரப்புகளிலும், கல் மேட்டிலும் படுக்கும். ஆகவே தேடுவதற்கு இதுவே நல்ல காலம். வெயில் ஏறி, பனி உலர்ந்த பின் சென்றால் தொலைவிலிருந்தே காணலாம். நெல் பொதி கட்டும் இப்பருவத்தில் எலி வளைகளும் பெருகும். எலி வளை எங்கே மிகுகிறதோ அங்கேயே பாம்பின் தடயமும் மிகுந்திருப்பதைக் குறிப்பேட்டில் காண்பீர்கள்.

தை: அறுவடைக் காலமே மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். வயலின் நான்கு புறமும் அறுத்துக்கொண்டு நடுவுக்கு வந்தால், ஊர்வன எல்லாம் கடைசி நெல்லில் ஒடுங்கிவிடும். ஒரு பக்கத்தில் தொடங்கி, எதிர் வரப்பை நோக்கி அறுத்துச் சென்றால் அவை தப்பிச் செல்ல வழி இருக்கும். அறுத்துப் போட்ட அரியை மறுநாள் அதிகாலையில் தூக்கும்போது, கதிர் அரிவாளாலோ கம்பாலோ ஒரு முறை புரட்டிய பின் கை வைக்க வேண்டும்.

நாங்கள் சுற்றி வந்த ஊருக்கு அடுத்த ஊரில், இப்படி அரி தூக்கிய பெண் ஒருவரைக் கண்ணாடி விரியன் கையில் கடித்துவிட்டது. கயிற்றால் இறுகக் கட்டினார்கள். பச்சிலை கொடுப்பவரைத் தேடிப் போனார்கள். மருத்துவமனை தொலைவில் இல்லை. ஆனாலும் அங்கே சேர நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு முழுவதும் அவரால் கூலி வேலைக்குச் செல்ல இயலவில்லை. அரியைப் புரட்ட ஒரு கம்பு இருந்திருந்தால் இத்தனையும் நேர்ந்திராது.

மாசி: வைக்கோற் போர் போடும் காலம். போரை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாமல் தள்ளிப் போட வேண்டும். மாட்டுக்கு வைக்கோல் உருவும்போது அடியிலிருந்து உருவாமல் மேலிருந்து எடுக்க வேண்டும். வறட்டியையும் விறகையும் தரையில் அடுக்காமல் மேடை கட்டி அடுக்கலாம்.

பிற ஊர்வன

தேடும்போது பாம்பு அல்லாத பல ஊர்வனவும் கண்ணில் படும். அவற்றைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் வீணானது.

அரணை நக்கினால் மரணம் என்பது பழமொழியில் மட்டுமே உண்மை. அரணைக்கு நஞ்சு கிடையாது. பூச்சிகளைத் தின்று நன்மையே செய்கிறது. ஓணான், பச்சோந்தி ஆகியவையும் அவ்வாறே. உடும்பு எலி, பூச்சி, முட்டை முதலியவற்றைத் தின்கிறது. இதனை வேட்டையாடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஏரி, குளம் வற்றும்போது பால் ஆமை சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும். உழும்போது வெளிப்பட்டால் அருகில் உள்ள ஈரச் சேற்றில் விட்டுவிடலாம். தண்ணீர்ப் பாம்பு சினந்து கடிக்கும், ஆனால் நஞ்சில்லை.

சாரையை நல்ல பாம்பின் ஆண் என்று கருதுவதும் தவறு. இரண்டும் வெவ்வேறு இனங்கள். சாரையில் ஆணும் பெண்ணும் உண்டு. இரண்டு சாரைகள் பின்னிக்கொண்டு எழுந்து ஆடுவது பெரும்பாலும் இரண்டு ஆண்களின் சண்டையே ஆகும்.

கண்டபின் செய்ய வேண்டியது

பருவ முடிவில் குறிப்பேட்டை எடுத்து, நிலத்தின் படம் ஒன்றை வரைந்து, தடயம் கண்ட இடங்களைப் புள்ளியிட்டுப் பாருங்கள். தடயங்கள் நிலம் முழுவதும் பரவியிருக்காது. எங்கள் குறிப்பேட்டில் அவை பெரும்பாலும் வாய்க்கால் ஓரக் கற்குவியல், மோட்டார் கொட்டகை, அகன்ற மூலை வரப்பு, வைக்கோற் போர் ஆகிய சில இடங்களிலேயே சேர்ந்து கிடந்தன. ஆகவே நிலம் முழுவதையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அச்சில இடங்களைச் சரி செய்தால் போதும்.

நடைபாதை, களம், கொட்டகை, வீடு ஆகியவற்றின் அருகில் உள்ள குவியல்களைப் பகலில், நீண்ட கைப்பிடியுள்ள கருவியால் அகற்ற வேண்டும். வரப்புகளைக் குறுக்கிப் புல் செதுக்கினால் எலி வளை குறையும். எலி குறைந்தால் அதைத் தேடி வரும் பாம்பும் குறையும். ஆட்கள் நடமாடாத நிலக் கோடியில் உள்ள ஒரு புற்றையோ புதரையோ அப்படியே விட்டுவிடலாம்; அங்கே சாரை தங்கட்டும்.

சாரையும் நல்ல பாம்பும் வளைக்குள்ளேயே புகுந்து எலியைப் பிடிக்கின்றன. பூனையாலும் ஆந்தையாலும் இது இயலாது. அதே வேளையில் பாம்பு மட்டுமே எலியை ஒழித்துவிடும் என்று நம்பியிருக்கவும் கூடாது. தஞ்சாவூர்க் கிட்டி வைத்தல், ஆந்தை அமர 'டி' வடிவக் குச்சி நடுதல், அறுவடை முடிந்ததும் வளை வெட்டுதல் ஆகியவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். வளைக்குள் பானைப் புகை செலுத்தி எலி பிடிப்பதில் இருளர் தேர்ந்தவர்கள். உரிய கூலி கொடுத்து, ஊரே ஒன்றுசேர்ந்து அவர்களை அழைத்தால் நச்சு மருந்து இன்றியே பயன் காணலாம்.

வீட்டுக்குள் நச்சுப் பாம்பு புகுந்தால், கண் பார்வையில் வைத்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கோ வனத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். அடிக்க முயலும்போதுதான் பலர் கடிபடுகின்றனர்.

கடித்துவிட்டால்

1. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, தைரியம் சொல்ல வேண்டும்.

2. மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் முதலியவற்றை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும்.

3. கடிபட்ட கை அல்லது காலை அசையாதபடி ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுகக் கட்டக் கூடாது.

4. கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பச்சிலை கட்டுதல், ஐஸ் வைத்தல் ஆகியவை கூடவே கூடாது.

5. உடனே 108-ஐ அழைத்தோ, கிடைத்த வாகனத்திலோ விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

மருத்துவமனையில் சிறிது இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். இரத்தம் உறையாவிட்டால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். மருத்துவர் சும்மா காத்திருக்கிறார் என்று எண்ணி, அங்கிருந்து அழைத்து வந்துவிடக் கூடாது. விஷமுறிவு மருந்தே சிலருக்கு ஒவ்வாமை தரக் கூடும் என்பதால், அதனை மருத்துவக் கண்காணிப்பில்தான் செலுத்த வேண்டும். குறி எதுவும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் அங்கேயே இருப்பது அவசியம்.

உழவர் பெருமக்களே! வரும் ஆடியில் நாற்றங்காலுக்கு வரப்பு வெட்டும் நாளிலேயே இத்தேடலைத் தொடங்குங்கள். வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் போதும். பிள்ளைகளைக் குறிப்பேடு எழுதச் சொல்லுங்கள். அருகில் விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் எப்போதும் இருப்பில் உள்ளது என்பதை இன்றே விசாரித்து, அக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தை மாதத்தில் அறுவடைக்கு வரும் ஆட்களுக்கு, எந்த இடத்தில் பார்த்துக் கை வைக்க வேண்டும் என்று நீங்களே சொல்ல முடியும்.